வெட்டுக்கிளி தின்ற வயல் வானத்திலிருந்து எப்படித் தெரிகிறது?

வெட்டுக்கிளிப் படையெடுப்பு செய்தியில் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரைபடமும் வரும். பழுப்பு நிறப் பின்னணி, அதில் சிவப்புத் திட்டுகள், கீழே பொடி எழுத்தில் "செயற்கைக்கோள் தரவின்படி" என்று ஒரு வரி. பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? மேலே ஒரு கேமரா இருக்கிறது, அது கூட்டத்தைப் படம் பிடித்துவிட்டது, எந்த வயலில் எவ்வளவு தின்றது என்று எண்ணியும் விட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தக் கேமராவுக்கு வெட்டுக்கிளி தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது பச்சை மட்டும்தான், அதாவது போன வாரம் இங்கே இருந்த பச்சை இந்த வாரம் இல்லை என்பது மட்டும். தின்றது யார் என்பது படத்தில் இருக்காது. அதை வேறு வழிகளில்தான் கண்டுபிடிக்க வேண்டும், மொத்தச் சிக்கலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

## முதலில் பூச்சியைப் பற்றிக் கொஞ்சம்

பாலைவன வெட்டுக்கிளி எல்லா ஆண்டும் கூட்டமாகத் திரிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியாவின் மேற்கு எல்லை வரை நீளும் சுமார் 1.6 கோடி சதுர கிமீ வறண்ட நிலத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். நல்ல மழை பெய்து பச்சை முளைத்தால் பெருகும். அப்புறம் அந்தப் பச்சை காயத் தொடங்கும்போது, மிச்சமிருக்கும் திட்டுகளில் எல்லாம் வந்து நெருக்கியடிக்கும். ஒன்றின் பின்னங்காலில் இன்னொன்று உரசிக்கொண்டே இருக்க, நரம்பு மண்டலத்தில் செரோடோனின் கூடி, அதுவரை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போன பூச்சிகள் சேர்ந்து நகர ஆரம்பிக்கின்றன. நாளடைவில் நிறமும் மாறிவிடும். ஒரே இனம் இப்படி இரண்டு வடிவம் எடுக்கும் என்று 1921இல் போரிஸ் உவாரோவ் சொன்னார். அதற்கு முன் இரண்டையும் வேறு வேறு பூச்சி என்றே நினைத்திருந்தார்கள்.

இனி வரப்போகும் கணக்குக்கு நான்கு எண்கள் போதும்:

1. வளர்ந்த பூச்சியின் எடை சுமார் 2 கிராம். ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தின்னும்.
2. ஒரு சதுர கிமீ கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி பூச்சிகள் இருக்கலாம். அப்படி ஒரு சின்னக் கூட்டம் ஒரே நாளில் தின்பது 35,000 பேரின் ஒரு நாள் உணவுக்குச் சமம்.
3. காற்றோடு சேர்ந்து ஒரு நாளில் 150 கிமீ வரை போகும்.
4. நிலைமை ஒத்துவந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை, ஒவ்வொரு தலைமுறையிலும் சுமார் 20 மடங்கு பெருக்கம். அப்படி மூன்று தலைமுறை போனால் 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு.

மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலில் கூட்டம் இறங்கித் தின்று கிளம்ப ஒரு மாலையும் மறுநாள் காலையும் போதும். செயற்கைக்கோள் அந்த வயலுக்கு மேலே மறுபடி வர சில நாள் ஆகும். அது வரும்போது கூட்டம் வேறு மாவட்டத்தில், ஏன், வேறு நாட்டிலேயே இருக்கலாம்.

## கூட்டமே தெரியாதா? அவ்வளவு பெரிதாக இருக்கிறதே

நியாயமான கேள்விதான். 2020இல் வடக்குக் கென்யாவில் பதிவான ஒரு கூட்டம் 60 கிமீ நீளம், 40 கிமீ அகலம். அவ்வளவு பெரியது ஏன் படத்தில் விழுவதில்லை?

இலவசமாகக் கிடைக்கும் படங்களில் மிகக் கூர்மையானவற்றில் ஒன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தருவது. அதில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு சதுரப் புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தப் புள்ளிக்குள் இருக்கிற எல்லாமே கலந்து ஒரே நிறமாகத்தான் பதிவாகும். வெட்டுக்கிளியோ ஒரு விரல் நீளம். சதுர கிமீக்கு 4 முதல் 8 கோடி என்பதை வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 40 முதல் 80 பூச்சிகள் வருகின்றன. ஒரு பூச்சி மேலிருந்து பார்க்க ஆறேழு சதுர செமீ இடத்தை மறைக்கும் என்று வைத்துக்கொண்டால், பறக்கும் கூட்டம் தரையில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பங்கைத்தான் மறைக்கிறது. மீதியெல்லாம் மண்ணும் செடியும்தான். கீழே நின்று தூரத்தில் வரும் கூட்டத்தைப் பார்க்கிறவருக்கு வானம் இருட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கும், பக்கவாட்டில் பார்க்கும்போது பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்காகத் தெரிவதால். நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது லேசான தூசி மாதிரிதான்.

நேரமும் சேர்ந்து சதி செய்கிறது. இரவில் கூட்டம் செடிகளிலும் மரங்களிலும் தங்கும். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, உடம்பு சூடான பிறகு கிளம்பும். சென்டினல்-2 கடப்பது காலை 10:30 மணி வாக்கில். கூட்டம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அப்போது முடிந்துபோயிருக்கும்.

அதனால் பூச்சியை விட்டுவிட்டு அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடுகிறார்கள்.

## பச்சைக்கு ஓர் எண் கொடுப்பது

ஆரோக்கியமான இலைக்கு இரண்டு குணங்கள் உண்டு. அதிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். இலையின் உள்ளேயுள்ள செல்களின் அமைப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். வெறும் மண்ணில் இந்த இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. அந்த வித்தியாசத்தை ஓர் எண்ணாக்கினால் அதுதான் என்டிவிஐ எனப்படும் தாவரக் குறியீடு. 1970களின் தொடக்கத்தில், முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் பறக்கத் தொடங்கிய காலத்தில் வந்த யோசனை இது. இன்றும் இந்தத் துறையில் பாதி வேலை இதை வைத்துத்தான் நடக்கிறது.

கணக்கு எளிது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி, இரண்டையும் கூட்டு, முதலாவதை இரண்டாவதால் வகு. செழித்த கம்பு வயல் ஒன்று சிவப்பில் 5 சதவீதமும் அகச்சிவப்பில் 45 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 40ஐ 50ஆல் வகுத்தால் 0.8. கூட்டம் இறங்கி இலையெல்லாம் போய்த் தட்டையும் மண்ணும் மிஞ்சியிருக்கும்போது சிவப்பு 15, அகச்சிவப்பு 25 என்று ஆகிறது. 10ஐ 40ஆல் வகுத்தால் 0.25. அதாவது 0.8 இருந்த இடத்தில் 0.25. செய்தி வரைபடத்தில் வரும் சிவப்புத் திட்டு பெரும்பாலும் இந்த மாதிரிக் கழித்தல் கணக்கின் படம்தான்.

ஒரு குறை உண்டு. பயிர் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் இந்த எண் ஓர் உச்சத்தில் போய் முட்டி நின்றுவிடும். மேலடுக்கு இலைகளில் கால்வாசியைத் தின்றுவிட்டாலும் கீழே இன்னும் இலை இருப்பதால் எண் அவ்வளவாக இறங்காது. அரைகுறைச் சேதம் இப்படித்தான் தப்பிவிடுகிறது. இதற்காக, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இலையின் பிரதிபலிப்பு சட்டென்று ஏறும் பகுதியையும் பார்ப்பார்கள். சிவப்பு விளிம்பு என்று அதற்குப் பெயர். பச்சையம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கே தெரிந்துவிடும். சென்டினல்-2இல் அதற்கென்றே மூன்று அலைவரிசைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பிக்சல் 20 மீட்டர். நுணுக்கம் ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைகிறது.

## அரை ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம்

50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட அரை ஏக்கர். 10 மீட்டர் பிக்சல் அதன்மேல் கச்சிதமாகப் பொருந்தினால் 5 × 4, மொத்தம் 20 பிக்சல்கள். இதில் விளிம்பில் இருப்பவை 14. படம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடம் பிசகும் என்பதால் இந்த 14இலும் வரப்பு, பாதை, பக்கத்து வயல், ஓரத்து மரம் என்று ஏதாவது கலந்திருக்கும். நம்பி எடுத்துக்கொள்ளக்கூடியவை நடுவில் இருக்கும் 6 மட்டும்தான். பிக்சல் கட்டம் கோணலாக விழுந்தால் அதுவும் குறையும்.

இதையே மோடிஸ் என்ற கருவி தரும் படத்தில் பாருங்கள். அதன் பிக்சல் 250 மீட்டர். அப்படி ஒரு புள்ளிக்குள் நம் அரை ஏக்கர் வயலைப்போல் 31 வயல்கள் அடங்கிவிடும். மூன்று வயலை மொட்டையடித்திருந்தாலும் மற்ற 28உம் பச்சையாக இருந்தால் அந்தப் புள்ளி "பரவாயில்லை" என்றுதான் சொல்லும். ஆனால் மோடிஸ் தினமும் வரும். சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, லேண்ட்சாட் 8உம் 9உம் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் 30 மீட்டர் பிக்சலில். தினமும் வரவேண்டும், கூர்மையாகவும் இருக்கவேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கவேண்டியதுதான். பிளானட் நிறுவனத்தின் சின்னச் செயற்கைக்கோள்கள் சுமார் 3 மீட்டர் பிக்சலில் அப்படித் தருகின்றன. பாதிக்கப்படும் நாடுகளில் பல, அந்தப் பணத்தை மருந்துக்கும் வண்டிக்கும் செலவழிக்க வேண்டிய நிலையில் இருப்பவை.

சரி, நம் வயலுக்கு ஒரு மாதத்து எண்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் தேதி 0.72. 6ஆம் தேதி மேகம், எண் இல்லை. 11ஆம் தேதி 0.31. 16ஆம் தேதி 0.33. 21ஆம் தேதி மறுபடி மேகம். 26ஆம் தேதி 0.48.

இதிலிருந்து என்ன சொல்லலாம்? 1க்கும் 11க்கும் நடுவில் ஏதோ ஒரு நாள் பச்சை சட்டென்று போயிருக்கிறது. எந்த நாள் என்று சொல்ல முடியாது. 16க்குப் பிறகு ஏதோ துளிர்த்திருக்கிறது, பயிரா களையா தெரியாது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறதே, சென்டினல்-1, அதை வைத்து இடைவெளியை நிரப்பலாமே என்றால், நிரப்பலாம்தான். ஆனால் ரேடார் உணர்வது நிறத்தை அல்ல, வடிவத்தையும் ஈரத்தையும். இலை போய்த் தட்டை நின்றால் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், நடுவில் மழை பெய்து மண் நனைந்தால் இன்னும் குழப்பும்.

## பச்சையைக் கொண்டுபோனது யார்?

0.72 போய் 0.31 வருவதற்கு வெட்டுக்கிளி ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தேகப் பட்டியல் கொஞ்சம் நீளம்.

1. வறட்சி. இதை ஓரளவு சுலபமாகப் பிரிக்கலாம். வறட்சியில் எண் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும், பெரிய பரப்பில் ஒன்றாக இறங்கும். கூட்டம் தின்றால் பொத்தென்று விழும், திட்டுத் திட்டாக விழும்.

2. அறுவடை. இதுதான் நிஜமான தலைவலி, அறுவடையிலும் எண் பொத்தென்றுதான் விழும். இரண்டு தடயங்கள் உதவும். ஒன்று பயிர்க் காலம்: கதிர் முற்றாத நேரத்தில் பச்சை போனால் அது அறுவடையாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்னொன்று வடிவம். அறுவடையின் எல்லை வரப்போடு நேராக நிற்கும். வெட்டுக்கிளிக்கு வரப்பு ஏது? பாதி வயலில் தொடங்கி மூன்று வயலைத் தாண்டி ஒரு புதரில் போய் நிற்கும்.

3. மேய்ச்சல். ஆடுமாடும் ஒட்டகமும் புகுந்த நிலமும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். மேய்ச்சல் நிலத்தில் இரண்டையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

4. வெள்ளம், ஆலங்கட்டி, நோய். முதலிரண்டும் நடந்ததா என்று வானிலைப் பதிவில் பார்த்துவிடலாம்.

5. மழை. பச்சையைக் கூட்டும் மழைக்குச் சந்தேகப் பட்டியலில் என்ன வேலை என்று கேட்கலாம். அதற்கும் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

வெட்டுக்கிளி பெருகுவதே நல்ல மழைக்குப் பிறகுதான். அதே மழை பயிரையும் புல்லையும் வழக்கத்தைவிட அதிகமாக வளர்த்துவிடும். 2019இன் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அசாதாரண மழை. 2020இன் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தின் தாவரக் குறியீடு பல இடங்களில் சராசரிக்கு மேலே இருந்தது, அதே மாதங்களில் கென்யா 70 ஆண்டுகளில் காணாத வெட்டுக்கிளித் தாக்குதலைச் சந்தித்துக்கொண்டிருந்தது. மாநில அளவில், மாவட்ட அளவில் சராசரி எடுத்துப் பார்த்தவருக்கு "இந்த ஆண்டு செழிப்பு" என்றுதான் தெரிந்திருக்கும். சேதம் பொய் இல்லை, செழிப்பும் பொய் இல்லை. பெரிய பரப்பின் சராசரியில் ஒன்று இன்னொன்றை மூடிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வரும் தவறான முடிவுகளில் ரொம்ப ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இது நிவாரணம் வேண்டிய இடத்தில் வேண்டாம் என்று சொல்லவைக்கும்.

இதற்கு என்ன வழி? "போன ஆண்டு இதே தேதியில் எவ்வளவு" என்ற ஒப்பீடு மட்டும் போதாது, போன ஆண்டு மழை வேறு. கூட்டம் இறங்காத, ஆனால் அதே மண்ணும் அதே மழையும் அதே பயிரும் உள்ள பக்கத்து நிலத்தைத் தேடிப் பிடித்து, அது இந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு மாறியது, இது எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். அங்கே 0.70 என்பது 0.74 ஆகியிருக்கிறது, இங்கே 0.72 என்பது 0.31 ஆகியிருக்கிறது என்றால், இழப்பு 0.41 இல்லை, 0.45. தின்னாமல் இருந்திருந்தால் இதுவும் கொஞ்சம் வளர்ந்திருக்குமே.

எங்கே இந்த முறை அழகாக வேலை செய்கிறது என்றால், ஒரே செடி பரந்து கிடக்கும் இடத்தில். சீனாவில் டாகாங் நீர்த்தேக்கப் பகுதி நாணற்காடுகளில் 2002இல் வேறொரு வெட்டுக்கிளி இனம் பெருகியபோது, முன்னும் பின்னும் எடுத்த மோடிஸ் படங்களைக் கழித்தே பாதிப்பை வரைந்தார்கள். நாணலை அந்த நேரத்தில் அறுப்பவரும் இல்லை, ஊடுபயிரும் இல்லை. கம்பும் தட்டைப்பயறும் எள்ளும் ஒரே வயலில் கலந்து, பக்கத்து வயலில் விதைப்பு பத்து நாள் பிந்தி இருக்கும் சிறு விவசாயியின் நிலத்தில் அதே முறை திணறும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். எல்லாம் தின்னும் என்று பெயர் எடுத்த இந்தப் பூச்சி வேம்பைத் தொடாது. 1959இல் சூடானில் ஒரு கூட்டம் போன பிறகு வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்துத்தான் வேம்பின் பூச்சிவிரட்டும் குணத்தை ஆய்வாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்கள். படம் பார்க்கிறவருக்கு இதில் ஒரு தொல்லை: வயலோரத்தில் இரண்டு வேப்பமரம் நின்றால் அந்தப் பிக்சல் கடைசிவரை பச்சையாகவே இருக்கும்.

## இலை போனால் மகசூல் போனதா?

இல்லை, எப்போது போனது என்பதைப் பொறுத்தது. பச்சை இழப்பு ஒரு கணக்கு, தானிய இழப்பு வேறொரு கணக்கு.

சோளம், கம்பு போன்றவற்றில் முளைத்து மூன்று நான்கு வாரம் வரை வளரும் குருத்து மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். அந்த நேரத்தில் மேலே இருக்கும் இலை முழுவதையும் தின்றாலும், ஈரம் இருந்தால் செடி மறுபடி துளிர்க்கும். படத்தில் 0.4 போய் 0.15 ஆகிப் பயங்கரமாகத் தெரியும், ஆனால் பருவ முடிவில் பாதிக்கு மேல் தேறிவிடவும் கூடும். அதே பயிர் கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் கூட்டம் இறங்கினால் கதிரையே கடித்துவிடும். அப்போது இலை கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், எண் 0.5இல் நின்றாலும், வீட்டுக்கு வருவது வைக்கோல்தான்.

பயிர் முற்றிக் காய்ந்து மஞ்சளாகி நிற்கும் கட்டத்தில் இன்னும் மோசம். எண் ஏற்கெனவே தாழ்வாக இருக்கும். கூட்டம் வந்து தானியத்தைச் சிதைத்துவிட்டுப் போனால் படத்தில் எதுவுமே மாறாது.

2020 மே மாதத்தில் இந்தியாவில் நடந்தது இதன் இன்னொரு வகை. வழக்கமாகப் பருவமழையோடு ராஜஸ்தானுக்கு வரும் கூட்டங்கள் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வரத் தொடங்கி, மே கடைசியில் ஜெய்ப்பூர் நகரத்துக்குள்ளும் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரைக்கும் போய்விட்டன. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பெரிய பஞ்சம் வரப்போகிறது என்று பயம். ஆனால் ராபி எனப்படும் குளிர்காலப் பயிரின் அறுவடை முடிந்து, கரீஃப் எனப்படும் மழைக்காலப் பயிரின் விதைப்பு தொடங்காத இடைவெளி அது. வயல்களில் தின்ன அதிகம் இல்லை. பச்சை தேடித்தான் அவ்வளவு தூரம் போனதே. மரங்கள், காய்கறி, கோடைப் பயிர் செய்தவர்களுக்குப் பாதிப்பு. அந்த மாதத்தின் செயற்கைக்கோள் படத்தில் பெரும்பாலான வயல் ஏற்கெனவே பழுப்பு, பிறகும் பழுப்பு. கழித்தால் ஒன்றும் வராது. அதற்கு ஐந்தாறு மாதம் முன்பு, 2019-20 குளிர்காலத்தில், மேற்கு ராஜஸ்தானிலும் வடக்கு குஜராத்திலும் கடுகும் சீரகமும் நின்ற வயல்களில் இறங்கியதுதான் விவசாயியின் மடியில் நேரடியாகக் கை வைத்தது, அது இவ்வளவு பரபரப்பாகவும் இல்லை.

ஆகவே படத்தை வைத்து மகசூல் இழப்பு சொல்ல வேண்டுமானால், அந்த வயலில் என்ன பயிர், எப்போது விதைத்தது, கூட்டம் வந்த நாளில் அதற்கு என்ன வயது என்ற மூன்றும் வேண்டும். மூன்றும் இல்லாமல் வரும் டன் கணக்கு எதுவும் பரப்பை ஒரு சராசரி மகசூலால் பெருக்கி எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

## சேதத்துக்கு முன்னால் பார்ப்பது

இதுவரை சொன்னதைப் படித்துச் செயற்கைக்கோளே வீண் என்று தோன்றினால் அது தவறு. நடந்து முடிந்த சேதத்தை எண்ணுவதில்தான் அது தடுமாறுகிறது. சேதம் வருவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வதில் அது கெட்டிக்காரன், இந்தப் பயன்பாடு பழையதும்கூட. வெட்டுக்கிளி வாழிடத்தை வானிலிருந்து கண்காணிக்கலாம் என்ற ஆய்வுகள் 1980களிலேயே வந்துவிட்டன, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1988இல் ஆர்ட்டெமிஸ் என்ற பெயரில் இதற்கான ஒரு முறையையே தொடங்கிவிட்டது.

படிகள் இப்படிப் போகும்:

1. மழை. பாலைவனத்தில் மழைமானி வைத்த இடம் குறைவு. மேகத்தை வைத்துச் செயற்கைக்கோள் தரும் மழை மதிப்பீடுதான் முதல் அறிகுறி.

2. மண் ஈரம். தாய்ப்பூச்சி ஈரமான மணலில் சில அங்குல ஆழத்தில் முட்டையிடும். காய்ந்த மணலில் முட்டை பொரிக்காது. 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஸ்மோஸ் செயற்கைக்கோள் மண்ணின் மேல் ஐந்து செமீ ஈரத்தை நுண்ணலையில் அளக்கிறது. அதன் பிக்சல் நாற்பது ஐம்பது கிமீ இருக்கும், அப்படியே வைத்தால் பயன் குறைவு. வேறு தரவுகளோடு சேர்த்து அதை ஒரு கிமீ அளவுக்கு நுணுக்கிக்கொள்கிறார்கள்.

3. துளிர். ஈரத்துக்குப் பின் பச்சை முளைக்கும். பத்துப் பத்து நாளாகக் கணக்கிட்டு, அந்தப் பச்சை எவ்வளவு காலமாக நிற்கிறது என்று நிறம் பிரித்துக் காட்டும் வரைபடங்கள் உண்டு. புதுப் பச்சை இருக்கும் இடத்துக்கு முதலில் ஆள் அனுப்புவார்கள்.

பச்சையை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் கிடைக்கும். மண் ஈரத்திலிருந்தே தொடங்கினால் இரண்டு மூன்று மாதம். இறக்கை முளைக்காத குஞ்சுகள் தரையில் ஊர்ந்து போகும் கட்டத்தில் பிடித்துவிட்டால் மருந்தும் குறைவு, செலவும் குறைவு. பறக்க ஆரம்பித்துவிட்டால் துரத்துவதுதான் வேலை.

இவ்வளவு இருந்தும் 2019-21 பெருக்கம் எப்படித் தப்பியது? 2018 மே மாதம் மெகுனு புயலும் அக்டோபரில் லூபன் புயலும் அரேபியத் தீபகற்பத்தில் கரையேறி, ரூப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மணல்மேடுகளுக்கு நடுவில் ஏரிகள் தேங்கின. மழை விழுந்தது தெரியும், ஈரம் இருந்ததும் தெரியும். ஆனால் அங்கே போய்ப் பார்க்கப் பாதையும் இல்லை, ஆளும் இல்லை. அந்த 8,000 மடங்குக் கணக்கு நடந்தது அங்கேதான், ஒன்பது மாதத்தில், மூன்று தலைமுறையாக. அங்கிருந்து கிளம்பியவை போரில் இருந்த ஏமனுக்குப் போனபோது, அங்கே மருந்தடிக்கும் அமைப்பே பாதி முடங்கிக் கிடந்தது. பிறகு செங்கடலைத் தாண்டி, சோமாலியாவும் எத்தியோப்பியாவும் இருக்கும் ஆப்பிரிக்கக் கொம்பு. 2019 டிசம்பரில் சோமாலியாவில் பவன் புயல் இன்னொரு ஈரத்தைக் கொடுத்தது.

## தரையில் நிற்கும் ஆள்

ஈலோக்கஸ்ட்3 என்று ஒரு கருவி உண்டு. கையடக்கத் திரையில், நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கூட்டமா தனிப்பூச்சியா, குஞ்சா வளர்ந்ததா, முட்டையிடுகிறதா, செடி பச்சையா காய்ந்ததா என்று களப்பணியாளர் பதிவுசெய்வார். அது செயற்கைக்கோள் வழியாக அந்த நாட்டின் வெட்டுக்கிளித் தடுப்புத் தலைமையகம் போகும், அங்கிருந்து ரோமில் இருக்கும் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வெட்டுக்கிளித் தகவல் சேவைக்கு. 2020இல் இதன் கைபேசி வடிவமும் வந்தது.

செயற்கைக்கோள் எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது இந்தப் பதிவுகள்தான். 0.31க்கு இறங்கிய பிக்சலுக்குப் பக்கத்தில், அந்தத் தேதிகளுக்குள் "கூட்டம் இறங்கியது" என்று ஒரு பதிவு இருந்தால்தான் அதை வெட்டுக்கிளிக் கணக்கில் எழுத முடியும். இல்லாவிட்டால் அது காரணம் தெரியாத பச்சை இழப்பு, அவ்வளவே.

இந்தப் பதிவுகளுக்கும் ஒரு கோணல் உண்டு. வண்டி போகும் பாதையோரத்தில் பதிவுகள் குவிந்திருக்கும்; சண்டை நடக்கும் பகுதியிலும் எல்லையோரத்திலும் வெறுமையாக இருக்கும். இதை அப்படியே கணினிக்குக் கொடுத்து "வெட்டுக்கிளி எங்கே வரும்" என்று கற்றுக்கொடுத்தால், சாலை இருக்கும் இடத்தில் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

## இந்த எண்கள் எங்கே போகின்றன

நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும். எத்தியோப்பியாவில் அரசும் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட மதிப்பீடு 2 லட்சம் ஹெக்டேர் பயிர்நிலம் பாதிப்பு, சுமார் 10 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவை என்றது. இப்படி ஒரு எண்ணைப் பார்த்துத்தான் தானியம் வாங்குகிறார்கள், பணம் கேட்கிறார்கள்.

குறியீட்டுக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. வயலுக்கு ஆள் வராமல், அந்த வட்டாரத்தின் தாவரக் குறியீடு ஒரு வரம்புக்குக் கீழே போனால் பணம் தருவது. வறட்சிக்கு இது ஓரளவு பொருந்தும், வறட்சி எல்லார் வயலிலும் ஒன்றாக வருவதால். வெட்டுக்கிளி ஒரு வயலைத் துடைத்துவிட்டு அடுத்ததை விட்டுவிடும். வட்டாரச் சராசரி இறங்காது. எல்லாம் இழந்தவருக்குப் பணம் வராது. இதைக் காப்பீட்டுக்காரர்களும் அறிவார்கள், அதனால்தான் வெட்டுக்கிளிக்கு மட்டும் இந்த வகைக் காப்பீடு எளிதில் ஒத்துவருவதில்லை.

அடுத்த முறை சிவப்புத் திட்டு வரைபடம் கண்ணில் பட்டால் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்:

1. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் உள்ள மாற்றம்? ஒரு மாத இடைவெளி என்றால் அதற்குள் அறுவடையே முடிந்திருக்கலாம்.
2. பிக்சல் எவ்வளவு? 250 மீட்டர் என்றால் அதை வைத்து ஒரு கிராமத்தைப் பற்றிப் பேச முடியாது.
3. சிவப்பில் பயிர்நிலம் எவ்வளவு, மேய்ச்சல் நிலமும் புதரும் எவ்வளவு?
4. எதனோடு ஒப்பிட்டது? போன ஆண்டோடா, தாக்காத பக்கத்து நிலத்தோடா?
5. தரையில் போய்ச் சரிபார்த்த இடங்கள் எத்தனை, அவை எங்கே?

முதல் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் வரைபடத்தின் ஓரத்திலேயே இருக்கும். ஐந்தாவதற்கு அறிக்கையின் கடைசிப் பக்கங்கள் வரை புரட்ட வேண்டியிருக்கும்.